ரீசெட் பண்ணுவதற்கு முன் ஒரு பேனாவும் பேப்பரும்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

எங்கள் குடும்பக் குழுவிலும் சரி, பழைய மாணவர்களின் குழுக்களிலும் சரி, மாதம் ஒரு முறையாவது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "நெட் வரலை. வைஃபை பெட்டிக்குப் பின்னாடி ஒரு குட்டி ஓட்டை இருக்கே, அதுல குத்தி ரீசெட் பண்ணிடலாமா?" கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் பரவாயில்லை. பாதிப் பேர் குத்திவிட்டுத்தான் கேட்கிறார்கள். அடுத்த செய்தி இப்படி வரும்: "சார், இப்ப வைஃபை பேரே மாறிப்போச்சு. என்ன பண்றது?"

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். நமக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

வகுப்பறையில் மூன்று பொருட்கள் இருக்கும். கரும்பலகை, வருகைப் பதிவேடு, பாடப்புத்தகம். பெட்டிக்குள்ளும் அதேபோல மூன்று இருக்கின்றன. அந்த நேரத்து வேலைக்காக அது தற்காலிகமாக எழுதி வைத்துக்கொள்வது கரும்பலகை. மின்சாரம் போனால் அழிந்துவிடும். உங்கள் வைஃபை பெயர், கடவுச்சொல், இணைய நிறுவனம் கொடுத்த கணக்கு விவரம் எல்லாம் எழுதியிருப்பது பதிவேடு. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கும். பெட்டி எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் மென்பொருள்தான் பாடப்புத்தகம். அதை ஃபர்ம்வேர் என்பார்கள்.

ஸ்விட்சை அணைத்து, அரை நிமிடம் விட்டு மறுபடி போட்டால் அது ரீஸ்டார்ட். கரும்பலகையைத் துடைத்தாயிற்று, அவ்வளவுதான். நூற்றுக்குத் தொண்ணூறு சமயம் இது போதும் என்பது என் அனுபவம். ஓட்டைக்குள் குத்தினால் அது ஃபேக்டரி ரீசெட். பதிவேட்டையே கிழித்துப் போட்டு, புதுசாக ஒரு வெற்றுப் பதிவேட்டை வைத்தாயிற்று. பாடப்புத்தகம் அப்படியே இருக்கும். பதிவேடு போனதால் பெட்டிக்கு உங்களைத் தெரியாது. உங்கள் இணைய நிறுவனத்தையும் தெரியாது. தொழிற்சாலையிலிருந்து அன்றைக்குத்தான் வெளியே வந்ததுபோல முழிக்கும்.

இன்னொன்று. இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பது கண்ணாடி இழை இணைப்பு. சுவரிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று வந்து சொருகியிருக்கும் பெட்டிக்கு ஓ.என்.டி. என்று பெயர். அதன் முகப்பில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ வெளிச்சம் பெட்டிவரை வந்து சேரவில்லை என்று அர்த்தம். எங்கோ ஒயர் அறுந்திருக்கும், அல்லது மடங்கியிருக்கும். எலி கடித்திருக்கும், தெருவில் பள்ளம் தோண்டியிருப்பார்கள். அப்போது நீங்கள் பெட்டியை எத்தனை முறை குத்தினாலும் ஒன்றும் நடக்காது. குழாயில் தண்ணீர் வராததற்குக் குடத்தைப் போட்டு நசுக்குகிற கதைதான். போன் போட்டுச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதுதான்.

அப்படியானால் ரீசெட் எப்போதுதான் பண்ண வேண்டும்? நான் மூன்று சமயங்கள் சொல்வேன். பெட்டிக்குள் நுழையும் கடவுச்சொல் மறந்து வேறு வழியே இல்லாதபோது. பெட்டியை வேறு ஒருவருக்குக் கொடுக்கும்போது. பெட்டிக்குள் வேறு யாரோ புகுந்து கைவைத்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது. மூன்றாவது சமயம் எங்கள் அக்கா வீட்டிலேயே வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அக்கா மன்னார்குடியில் தனியாக இருக்கிறது. அத்தான் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர் தொலைபேசித் துறையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். மகள் கோயம்புத்தூரில். அக்காவுக்கு வருவது குடும்ப ஓய்வூதியம். மாத முதல் வாரத்தில் பணம் ஏறிவிட்டதா என்று போனில் வங்கியின் பக்கத்தைத் திறந்து பார்க்கும். அத்தான்தான் கற்றுக்கொடுத்தார். 71 வயதில் அது இதையெல்லாம் செய்வதைப் பார்த்து நானே ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

இந்த வருடம் தை மாதத்தில் ஒரு சாயங்காலம் அக்காவிடமிருந்து போன். வங்கிப் பக்கத்தைத் திறந்தால், இந்த இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று ஓர் எச்சரிக்கைப் பக்கம் வருகிறதாம். பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டியிருக்கிறது. அவன் பார்த்துவிட்டு, "அது அப்படித்தான் ஆன்ட்டி வரும், கீழே போய் தொடரவும்னு கொடுங்க" என்று சொல்லியிருக்கிறான்.

"ஏன்டா தம்பி, செக்கச்செவேல்னு ஒரு பக்கம் வந்து வேணாம் வேணாங்குது, இவன் போ போங்கிறான். யார் பேச்சைக் கேக்குறது?" என்றது அக்கா.

பக்கத்தின் பேச்சைக் கேட்டதுதான் அக்காவின் புத்திசாலித்தனம். அந்தப் பையன் நல்லவன்தான், உதவி செய்யத்தான் நினைத்தான். ஆனால் "அது அப்படித்தான் வரும்" என்ற வார்த்தையை வைத்து நம் ஊரில் எத்தனையோ பேருடைய சேமிப்பு போயிருக்கிறது.

போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். ஒழுங்காக வந்தது. மறுபடி வைஃபை, மறுபடி சிவப்பு. மொபைல் டேட்டாவில் சரியாக வருகிறது, வைஃபையில் மட்டும் தப்பாக வருகிறது என்றால் போன் மேல் குற்றம் இல்லை. "பெட்டி ஸ்விட்சை அணைச்சுடு அக்கா. நான் காலையில வர்றேன். அதுவரைக்கும் வங்கிப் பக்கம் போகாதே" என்றேன்.

மறுநாள் தஞ்சாவூரிலிருந்து வடுவூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். தை மாதம், ஏரி நிறையத் தண்ணீர், பறவைகள். வேறு நாளாக இருந்தால் இறங்கி நின்றிருப்பேன்.

நடந்தது என்ன என்று புரிய, டி.என்.எஸ். என்றால் என்ன என்று தெரிய வேண்டும். என் வயதுக்காரர்களுக்கு 197 ஞாபகம் இருக்கும். யாருடைய போன் நம்பராவது தெரியவில்லை என்றால் 197-க்கு அடித்து, பெயரைச் சொல்லிக் கேட்டால் நம்பர் சொல்வார்கள். இணையத்திலும் அதே கதைதான். நாம் வங்கியின் பெயரைத் தட்டுகிறோம். கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். பெயரைக் கொடுத்து எண்ணைக் கேட்டு வாங்குவதற்கு இருக்கும் 197-தான் டி.என்.எஸ். உங்கள் வீட்டு போன், டிவி எல்லாம் எந்த 197-ஐக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது வைஃபை பெட்டி. பெட்டிக்குள் புகுந்த ஒருவன் அந்த ஒரு விவரத்தை மட்டும் மாற்றிவிட்டால் போதும். நீங்கள் வங்கியின் பெயரைச் சரியாகத்தான் தட்டுவீர்கள். போலி 197 தன் ஆள் வீட்டு எண்ணைக் கொடுக்கும். அங்கே வங்கி மாதிரியே ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். ஆனால் அந்தப் போலிப் பக்கத்திடம் வங்கியின் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்காது. அதனால்தான் உலாவி எச்சரித்தது.

இது நடக்காத கதை இல்லை. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் 40 லட்சத்துக்கும் மேலான கணினிகளில் இதே வேலையைச் செய்தது. 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் ஆட்களைப் பிடித்தார்கள். பிடித்தபின் இன்னொரு தலைவலி. அந்தப் போலி 197-களை ஒரேயடியாக அணைத்துவிட்டால், தெரியாமல் அதையே நம்பிக்கொண்டிருந்த லட்சக்கணக்கான வீடுகளில் இணையமே நின்றுவிடும். அதனால் நீதிமன்ற அனுமதியோடு, அதே எண்களில் நல்ல சர்வர்களை வைத்து நடத்தினார்கள். 2012 ஜூலை 9-ஆம் தேதிதான் அவற்றை நிறுத்தினார்கள். திருடனைப் பிடித்த பிறகு திருடனின் கடையை நீதிமன்ற அனுமதியோடு எட்டு மாதம் நடத்திய கதை! வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் யாரும் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

அக்கா வீட்டுக்குப் போய், என் பழைய மடிக்கணினியைப் பெட்டியோடு ஒயரில் இணைத்து, 192.168.1.1 என்று தட்டினேன். எல்லா வீட்டிலும் ஏன் இதே எண் வருகிறது என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. வீட்டுக்குள் மட்டும் புழங்க என்று சில எண்களை 1996-லேயே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். நம் தெருவில் எல்லா வீட்டிலும் "அம்மா" என்று ஒருவர் இருப்பதுபோல. உள்ளே யாரைக் குறிக்கிறது என்பதில் குழப்பம் வராது. சில பெட்டிகளில் 192.168.0.1 என்று இருக்கும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் போட்டிருக்கும்.

பயனர் பெயர் கேட்டது. அட்மின் என்று போட்டேன். கடவுச்சொல்லும் அட்மின். கதவு திறந்துகொண்டது. நான்கு வருடத்துக்கு முன் இணைப்புக் கொடுக்க வந்தவர்கள் அதை மாற்றவே இல்லை. அதுமட்டுமில்லை, வெளியூரில் இருந்தபடி பெட்டிக்குள் நுழைய அனுமதிக்கும் வசதியையும் திறந்தே விட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பழுது பார்க்க வசதி. ஊரில் இருக்கிற எல்லாருக்கும்தான் வசதி.

தொழிற்சாலைக் கடவுச்சொல் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 2016-ல் மிராய் என்று ஒரு தீநிரல் வந்தது. பெரிய மூளை ஒன்றும் அதற்குத் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் போட்டு அனுப்பும் பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் சுமார் 60 அதனிடம் இருந்தன. இணையத்தில் தென்படும் கேமரா, ரவுட்டர் ஒவ்வொன்றின் கதவிலும் அந்தச் சாவிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. லட்சக்கணக்கில் திறந்துகொண்டன. அந்தப் படையை வைத்து அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் டைன் என்ற டி.என்.எஸ். நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு விற்கக் கூடாது என்று பிரிட்டனில் சட்டமே கொண்டுவந்து, 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள்.

அக்காவின் பெட்டியில் டி.என்.எஸ். என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருந்தன. இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் போட்டு எண்களைப் படித்தேன். "அது எங்க நம்பர் இல்லையே சார்" என்றார். சந்தேகம் தீர்ந்தது.

அந்த இரண்டு எண்களை மட்டும் மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. வீட்டுக்குள் திருடன் வந்து போயிருக்கிறான் என்று தெரிந்தபின், அவன் உடைத்த பூட்டை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே சாவி எங்கெங்கே ஒளித்திருக்கிறான் என்று பார்க்காமல் படுக்க முடியுமா? வேறொரு பயனர் பெயரைச் சேர்த்திருக்கலாம். வேறொரு கதவைத் திறந்து வைத்திருக்கலாம். பதிவேட்டில் ஒரு போலிப் பெயர் இருக்கிறது என்றால், பதிவேட்டையே மாற்றுவதுதான் சுத்தம். ஸ்விட்சை அணைத்துப் போடுவதும் இங்கே உதவாது. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற ஒன்று 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் பெட்டிகளில் புகுந்திருந்தது தெரிய வந்தபோது, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எல்லாரையும் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னது. அதில் தீநிரலின் ஒரு பகுதிதான் அழிந்தது. முதல் பகுதி மின்சாரத்தை அணைத்தாலும் பிழைத்துக்கொள்ளும் விதத்தில் எழுதப்பட்டிருந்தது. முழுதாகப் போக்க ஃபேக்டரி ரீசெட்டைத்தான் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைத்தார்கள்.

சரி, குத்திவிட வேண்டியதுதானே? அங்கேதான் பேனாவும் பேப்பரும் வருகின்றன.

பல இணைப்புகளில் பி.பி.பி.ஓ.இ. என்று ஒரு முறை உண்டு. இணைய நிறுவனம் உங்களுக்கென்று ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்திருக்கும். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. பெட்டி இதைச் சொல்லித்தான் நிறுவனத்தின் கதவைத் தட்டுகிறது. ரீசெட் செய்தால் இதுவும் அழிந்துவிடும். சில நிறுவனங்களின் பெட்டிகள் தாமாகவே போய் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். பல சின்ன ஊர் இணைப்புகளில் அப்படி இல்லை. அது தெரியாமல் குத்தினால், ஆள் வந்து போட்டுக்கொடுக்கும்வரை வீட்டில் இணையம் இல்லை. வீலேன் என்று ஓர் எண்ணும் சில இடங்களில் தேவைப்படும்.

அதனால் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பயனர் பெயர் கிடைத்தது, வீலேன் எண் கிடைத்தது. கடவுச்சொல் இருந்த இடத்தில் வெறும் புள்ளிகள்தான். அமைப்புகளை ஒரு கோப்பாகச் சேமித்து வைத்துத் திரும்பப் போடும் வசதி பெட்டியிலேயே இருக்கிறது. சாதாரண நாளில் அதைப் பயன்படுத்துங்கள். திருடன் புகுந்த பெட்டியில் அதைச் செய்தால் திருடனையும் சேர்த்தல்லவா திரும்பக் கூப்பிடுவோம்?

இணைப்புக்காரரிடம் கடவுச்சொல் கேட்டேன். "அதெல்லாம் வெளியே சொல்றதில்ல சார். எங்க ஆள் வந்துதான் போடணும். 500 ரூபா ஆகும், செவ்வாய்க்கிழமை வருவாங்க" என்றார். அன்றைக்கு வியாழன். மாதாமாதம் பணம் கட்டுகிற வாடிக்கையாளருக்கு அவருடைய கணக்கின் கடவுச்சொல்லையே சொல்ல மாட்டார்களாம். என்ன நியாயமோ!

அத்தானின் டைரியைத் தேட வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் எழுதி வைப்பவர். மின் இணைப்பு எண், கேஸ் புத்தக எண், இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிய தேதி வரை இருக்கும். அக்கா நகரவில்லை.

"அழிச்சா எல்லாம் போயிடுமாடா?"

"எல்லாம் போயிடும். திரும்பப் போட்டுக்கலாம்."

"அவர் வச்ச பேரும் போயிடுமா?"

அந்த வைஃபையின் பெயரை நான் அதுவரை கவனித்துப் பார்த்ததில்லை. அது அந்த வீட்டின் பழைய தரைவழி போனின் எண். வீட்டுக்கு முதன்முதலில் போன் வந்தபோது அத்தானே ஒயர் இழுத்துக் கொடுத்த இணைப்பு. அந்த போனை ஒப்படைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. எண்ணை மட்டும் அவர் காற்றில் விட்டு வைத்திருந்தார். தினமும் போனைத் திறக்கும்போதெல்லாம் அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அதே பேரை ஒரு எழுத்து மாறாம போட்டுடலாம் அக்கா. பெட்டிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது."

"பெட்டிக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமேடா."

நான் 34 வருடம் இயற்பியல் நடத்தியவன். அதற்குப் பதில் எந்தப் பாடத்திலும் இல்லை. பேசாமல் இருந்துவிட்டேன். சாப்பிட்டோம். கத்தரிக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல். சாப்பிட்டு முடித்து, பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, அக்காவே உள்ளே போய் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பச்சை அட்டை போட்ட டைரியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தது. "ஓய்வூதியக் காசை எவனோ தூக்கிட்டுப் போனா அவருக்குத்தான் கோவம் வரும்" என்றது.

கடவுச்சொல் இருந்தது. பத்து எழுத்து. இங்கே ஒரு சிக்கல் வருவது வழக்கம். கையால் எழுதிய கடவுச்சொல்லில் பூஜ்யமா, ஆங்கில ஓ எழுத்தா? ஒன்றா, சின்ன எல் எழுத்தா? பாதி வீடுகளில் இந்த இடத்தில்தான் சண்டை. அத்தான் பூஜ்யத்தின் குறுக்கே எப்போதும் ஒரு கோடு போடுவார். ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு. தொலைபேசி நிலையத்தில் எண்களை எழுதி எழுதி வந்த பழக்கம். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் இரண்டு பூஜ்யங்களையும் கண்டுபிடித்தேன். பிள்ளைகளே, நீங்களும் கடவுச்சொல் எழுதும்போது இந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பைசா செலவில்லை.

இனி குத்துவது. குண்டூசி வேண்டாம், வளையும். ஊக்கும் சரிப்படாது. விடைத்தாள் கட்டுகளில் போடும் ஜெம் கிளிப்பை நேராக்கினால் அளவாக இருக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியர் பையில் அது இல்லாமல் போகுமா? பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டைக்குள் விட்டால் உள்ளே ஒரு பொத்தான் அமுங்குவது கைக்குத் தெரியும். சும்மா தொட்டு எடுத்தால் போதாது, அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் சுமார் 10 விநாடி. விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்து மின்னும். அப்போது விடலாம். அதன்பிறகு இரண்டு மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அந்த நேரத்தில் மின்சாரத்தை அணைக்கவே கூடாது. இன்வெர்ட்டர் இல்லாத வீடாக இருந்தால் மின்தடை இல்லாத நேரம் பார்த்துச் செய்வது நல்லது.

அக்கா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒவ்வொன்றாக மறுபடி எரிய ஆரம்பித்ததும் தன் போனை எடுத்துப் பார்த்தது. பட்டியலில் அத்தானின் எண் இல்லை. பெட்டி செய்த நிறுவனத்தின் பெயரும் வாலில் நாலு எழுத்தும்தான் இருந்தன. ஒன்றும் சொல்லாமல் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தது.

ரீசெட் முடிந்த அந்த நிமிடத்தில்தான் பெட்டி மிகவும் பலவீனமாக இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கடவுச்சொல் மறுபடி அட்மின், அட்மின். அதனால் வெளி ஒயரைச் சொருகுவதற்கு முன்பே நான் செய்த முதல் வேலை, பெட்டிக்குள் நுழையும் கடவுச்சொல்லை மாற்றியது. அடுத்து வெளியிலிருந்து நுழையும் வசதியை மூடினேன். டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு பொத்தான் வசதி இருக்கும், அதையும் மூடினேன். வைஃபைக்குப் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 என்று இருக்க வேண்டும். அதன் பிறகுதான் ஒயரைச் சொருகி, பயனர் பெயர், அத்தானின் டைரியில் இருந்த கடவுச்சொல், வீலேன் எண் எல்லாம் போட்டேன். முதல் தடவையிலேயே இணையம் வந்தது. டி.என்.எஸ். இடத்தில் நிறுவனத்தின் எண்களே வந்தன. ஃபர்ம்வேருக்குப் புதுப்பித்தல் இருந்தது, அதையும் போட்டேன். பாடப்புத்தகமும் புதிய பதிப்பு.

அடுத்து வைஃபை பெயர். பழைய போன் எண்ணை அக்காவையே தட்டச் சொன்னேன். டைரியைப் பார்க்காமலே தட்டியது.

கடவுச்சொல் மட்டும் அப்படியே இருக்கக் கூடாது என்றேன். பழைய பெயரும் பழைய கடவுச்சொல்லும் போட்டால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் தாமே இணைந்துவிடும், வசதிதான். ஆனால் பெட்டிக்குள் புகுந்தவன் கண்ணில் அந்தக் கடவுச்சொல்லும் பட்டிருக்கும். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தது.

"பேரு அவருது இருக்கட்டும். சாவியை நான் போடுறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

திரும்பிக்கொண்டேன். டைரியில் அத்தான் எழுத்துக்குக் கீழே அக்கா எதையோ எழுதும் சத்தம் கேட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திய அக்கா. என்னைப் படிக்க வைப்பதற்காக நிறுத்தப்பட்டது என்று சொந்தங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும்.

அதற்கப்புறம் டிவி, டேப், வாசல் கேமரா. கேமராதான் பாடாய்ப் படுத்தியது. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் எடுக்கும். அதையும் தனியாக ரீசெட் செய்து புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. கேமரா அணைந்தால் பயப்படாதே என்று மகளிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன். இருந்தும் கோயம்புத்தூரிலிருந்து அரை மணி நேரத்தில் நாலு போன். "மாமா, அம்மா வாசலே தெரியலை." தனியாக இருக்கும் அம்மாவின் வாசல் தெரியாவிட்டால் எந்த மகளுக்கும் அப்படித்தான் இருக்கும். கேமராவின் கடவுச்சொல்லும் தொழிற்சாலையில் போட்டதாகவே இருந்தது, அதையும் மாற்றினோம்.

சாயங்காலம் வங்கிக் கிளைக்கு நேரிலேயே போய்க் கணக்கைப் பார்த்தோம். ஒரு பைசா குறையவில்லை. இணைய வங்கியின் கடவுச்சொல்லையும் மாற்றிக்கொண்டு திரும்பினோம்.

பழைய பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. புதுப் பெட்டி வந்ததும் பழையதைக் காயலான் கடையில் போடுவதோ, தெரிந்தவருக்குக் கொடுப்பதோ வழக்கம். உங்கள் வைஃபை கடவுச்சொல், இணையக் கணக்கு எல்லாம் அதன் பதிவேட்டில் அப்படியே இருக்கும். கொடுக்கும் முன் கட்டாயம் குத்திவிட்டுக் கொடுங்கள். 2023-ல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் பழைய அலுவலக ரவுட்டர்களைக் கடையில் வாங்கி ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் முந்தைய உரிமையாளர்களின் ரகசிய விவரங்கள் அழிக்கப்படாமல் இருந்தன. பெரிய பெரிய கம்பெனிகளின் நிலைமையே அது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி அப்பா அம்மா வீட்டுப் பெட்டிக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். அட்மின், அட்மின் என்று திறந்துகொள்கிறதா பாருங்கள். இணைப்புக்காரரிடம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எழுதி வாங்கி வையுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் கொஞ்சம் நின்று கேளுங்கள், கொடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். மதியம் 2 முதல் 4 வரை தூங்குவேன், அப்போது மட்டும் வேண்டாம்.

அப்புறம், மாசி மகத்துக்கு மன்னார்குடி போகிற சொந்தக்காரர்கள் இப்போதே எனக்குப் போன் போட்டு அக்கா வீட்டு வைஃபை கடவுச்சொல் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். என்னிடம் இல்லை. அக்காவிடம்தான் கேட்க வேண்டும். இதுவரை கேட்ட இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறது. ஒருவரைக் காரணம் சொல்லாமல் அனுப்பிவிட்டது.